'மாந்தே'ங்கிறது உங்க காதுல 'மண்டே'ன்னு விழுந்தது ஏன்?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு. கோயம்புத்தூர்ல ஆட்டோ பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனில குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல இருக்கேன். இன்னும் 8 மாசத்துல மெக்சிகோல 'க்யூரடாரோ' ஊர்ல இருக்கிற பிளான்ட்டுக்கு 2 வருஷத்துக்குப் போகணும். ஒரு ஆப்ல 94 நாளா ஒரு நாள் கூட விடாம ஸ்பானிஷ் படிச்சிட்டிருக்கேன், பாயின்ட்ஸ் எல்லாம் நல்லாவே வருது. ஆனா போன வாரம் அந்த ஊர் டீமோட வீடியோ கால்ல என் பேரு, வேலை ரெண்டும் ஸ்பானிஷ்ல சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் "மண்டே?"ன்னார். கால மண்டேவுக்கு மாத்துறாங்க போலன்னு நான் "ஓகே, மண்டே"ன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் வாயே திறக்கல. நான் தமிழ் மீடியம், இங்கிலீஷே சுமாராத்தான் வரும். அதனாலதான் இதுவும் வரலையா? இலக்கணத்த எங்க இருந்து ஆரம்பிக்கணும்? சர்டிபிகேட் எக்ஸாம் எழுதணுமா? நான் சுத்த சைவம் வேற, சாப்பாட்டுக்கு என்ன பேசுறதுன்னும் தெரியல.

பதில்: தம்பி, மொதல்ல அந்த மண்டே விஷயத்த முடிச்சிடுவோம். அவர் சொன்னது "மாந்தே?". மெக்சிகோல ஒருத்தர் பேசினது சரியா காதுல விழலைன்னா மரியாதையா "என்னங்க சொன்னீங்க?"ன்னு கேக்கிற வார்த்தை அது. நேர் அர்த்தம் "உத்தரவு போடுங்க"ன்னு வரும், அதாவது 'சொல்லுங்க, கேட்டுக்கிறேன்'ங்கிற பணிவு. அங்க வீட்ல அம்மா கூப்பிட்டா "என்ன?"ன்னு கேக்காத, "மாந்தே"ன்னு கேளுன்னு சொல்லித்தான் நிறைய பேர் பசங்கள வளப்பாங்க. ஆக அவர் உங்கள கேலி பண்ணல, நீங்க சொன்னத இன்னொரு தடவ கேக்க ஆசப்பட்டார், லைன் சரியில்லாம கூட இருந்திருக்கலாம்.

ஆனா இதுல நான் கவனிச்சது வேற. அந்த வார்த்தைல வர்றது நம்ம 'பந்து', 'வந்து'ல வர்ற அதே 'ந்த'. நாக்கு பல்லத் தொடுற சத்தம், உங்க தமிழ்க் காதுக்கு பிறந்ததுல இருந்து பழக்கமான சத்தம். அது உங்களுக்கு 'ண்ட'ன்னு விழுந்திருக்குன்னா, நீங்க அந்தக் கால் முழுக்க இங்கிலீஷ் காத மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்கன்னு அர்த்தம். அந்த ஆப் இங்கிலீஷ் வழியா சொல்லிக் குடுக்குது, நீங்க இங்கிலீஷ மனசுக்குள்ள தமிழாக்கி, திரும்ப இங்கிலீஷாக்கி, அப்புறம் ஸ்பானிஷாக்குறீங்க, அதுக்குள்ள எதிராளி அடுத்த விஷயத்துக்குப் போயிடுறார். தமிழ் மீடியம்ங்கிறதால வரலையான்னு கேட்டீங்கல்ல, எனக்கு அது படிச்சதும் மனசு கஷ்டமா போச்சு. 14 வருஷமா நான் ஸ்பானிஷ் சொல்லிக் குடுக்கிறேன், என் வகுப்புல உச்சரிப்பு சீக்கிரமா பிடிக்கிறவங்க பெரும்பாலும் தமிழ நல்லா வாய்விட்டுப் படிச்சுப் பழகினவங்கதான். இந்த 8 மாசமும் ஸ்பானிஷ நேரா தமிழ் வழியா படிங்க, இங்கிலீஷ நடுவுல கூப்பிடாதீங்க. மீதி எல்லாம் இதுக்குள்ளதான் வருது.

வாய்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்பானிஷ்ல உயிர் அஞ்சே அஞ்சு, ஆ ஏ ஈ ஓ ஊ, எந்த எழுத்து எங்க வந்தாலும் அதே சத்தம்தான், இங்கிலீஷ் மாதிரி ஒரே எழுத்து பத்து வேஷம் போடாது. அடுத்து, ஸ்பானிஷ்ல ட-ங்கிற சத்தமே கிடையாது. இங்கிலீஷ்ல 'டேபிள்' எழுதுற அந்த டீ எழுத்து (t) ஸ்பானிஷ்ல வந்தா அது த. 'டாக்டர்' எழுத மொதல்ல போடுற டீ எழுத்து (d) வந்தாலும் த-தான், ஆனா மென்மையான த. தக்காளி 'தொமாத்தே', 'டொமாட்டோ' மாதிரி வாய வச்சுக்கிட்டா வராது. நீங்க போற ஊர் க்யூரடாரோ இல்ல, 'கெரேத்தரோ', 'ரே'ல அழுத்தம். இத மொதல்ல வாய்ல பழக்குங்க, டாக்சிக்காரர்கிட்ட ஊர் பேரச் சொல்றப்பவே பாதி தைரியம் வந்துடும்.

இந்த எடத்துல கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இத இங்கிலீஷ் புத்தகம் உங்களுக்குச் சொல்லவே சொல்லாது. தமிழ்ல வல்லின எழுத்து ஒண்ணு வார்த்த ஆரம்பத்துல வந்தா அழுத்தி வரும், ரெண்டு உயிருக்கு நடுவுல தனியா வந்தா மெதுவாயிடும், இரட்டிச்சா திரும்ப அழுத்தம். 'தாத்தா'ல ரெண்டாவது த்தா அழுத்தம், 'பாதை'ல தை மென்மை, 'மகன்'ல க கிட்டத்தட்ட காத்து மாதிரி போயிடும், 'பக்கம்'ல க்க கெட்டி. இத யாரும் உங்களுக்குச் சொல்லித் தரல, அதுவா வருது. ஸ்பானிஷ்ல இதே மென்மை அப்படியே இருக்கு. 'எல்லாம்'ங்கிறதுக்கு அவங்க வார்த்தை 'தோதோ'. தமிழ்ல எழுதி, எழுதின மாதிரியே படிங்க, மொத தோ கெட்டி, ரெண்டாவது தோ மெது, மெக்சிகோக்காரர் வாய்ல வர்ற மாதிரியே இருக்கும். 'ஒண்ணுமில்ல' நாதா. நண்பன் அமீகோ, அந்த கோ 'மகன்' க. 'கொஞ்சம்' போக்கோ, இங்க க்க கெட்டி. இங்கிலீஷ்காரங்க இந்த மென்மைக்கு மாசக்கணக்கா உழைக்கிறாங்க, உங்களுக்கு அது ஊர்ப் பழக்கம்.

இதே பழக்கம் ஒரே ஒரு எடத்துல உங்கள மாட்டி விடும், அத இப்பவே சொல்லிடுறேன். தமிழ்ல மெல்லினத்துக்குப் பின்னாடி வர்ற வல்லினம் எப்பவும் மென்மையாயிடும், பந்து, தங்கம், பாம்பு. ஸ்பானிஷ்ல அப்படி ஆகாத வார்த்தைங்க நிறைய இருக்கு. "எவ்வளவு?"ங்கிறது 'குவான்த்தோ', "எப்போ?"ங்கிறது 'குவாந்தோ'. நம்ம நாக்கு ரெண்டையும் 'குவாந்தோ' ஆக்கிடும். கடைல மாம்பழத்தக் காட்டி "இது எப்போ விலை?"ன்னு கேட்டா அந்தம்மா முழிக்கத்தான் செய்வாங்க. என் வகுப்புல முக்கால்வாசிப் பேர் இதுல விழுறாங்க, அதனால நான் ஒரு வழி வச்சிருக்கேன். உள்ளங்கைய வாய்க்கு முன்னாடி வைக்கிறதெல்லாம் வேண்டாம், ரெண்டு விரல தொண்டக் குழில வச்சுக்குங்க. "குவான்"ன்னு சொல்றப்ப அதிரும். அங்க ஒரு இமை நேரம் நிறுத்துங்க, அதிர்வு நிக்கட்டும், அப்புறம் "த்தோ". குவான், த்தோ. குவான், த்தோ. 'குவாந்தோ'ல அந்த அதிர்வு அறுபடாம ஓடும். ஒரு நாளைக்கு 20 தடவ, 10 நாள் பண்ணுங்க, நாக்கு தானா பிரிச்சுக்கும். உங்க பிளான்ட்டுக்கு 'பிளான்த்தா'ன்னுதான் பேரு, உங்க டிபார்ட்மென்ட்டுக்கு 'கொன்த்ரோல் தே கலிதாத்', ரெண்டுலயும் இதே சிக்கல் இருக்கு, தினமும் சொல்லப்போற வார்த்தைங்க.

அடுத்து ர, ற. பள்ளிக்கூடத்துல இடையின ர, வல்லின ற-ன்னு எழுதப் படிச்சோம், பேசுறப்ப நம்மள்ல பல பேர் ரெண்டையும் ஒண்ணாத்தான் சொல்றோம். ஸ்பானிஷ்ல அது ரெண்டும் உயிரோட இருக்கு. 'பேரோ'ன்னா 'ஆனால்'. 'பேறோ'ன்னா நாய். 'காரோ'ன்னா விலை அதிகம், 'காறோ'ன்னா வண்டி. ர-வுக்கு நாக்கு நுனி ஒரு தட்டு, ற-வுக்கு மூணு நாலு தட்டு, நாக்க இறுக்காம தளர்த்தி வச்சு காத்த வேகமா விடணும், அதான் சூட்சுமம், பலம் குடுத்தா வராது. தமிழ்ல எந்த வார்த்தையும் ற-ல ஆரம்பிக்காது, ஸ்பானிஷ்ல அந்த எழுத்து வார்த்த முதல்ல வந்தா எப்பவும் ற-தான், சிவப்பு 'றோஹோ'. சில பேருக்கு ஒரு வாரத்துல வரும், சில பேருக்கு அஞ்சு மாசம் ஆகும், வரலைன்னாலும் பேச்சு நிக்காது. ஆனா ஞ-வ மட்டும் விட்டுடாதீங்க. வருஷம் 'ஆஞோ', வயசு சொல்றப்ப இது வரும், அத 'ஆனோ'ன்னு சொன்னா ஆசனவாய்ன்னு அர்த்தமாயிடும். இங்கிலீஷ் கீபோர்டுல அந்த n எழுத்து மேல அலை (ñ) போடாம மெயில் அடிச்சாலும் இதே கதிதான், அதனால இன்னைக்கே போன்ல ஸ்பானிஷ் கீபோர்டு ஏத்திடுங்க.

அழுத்தம் பத்தி ஒண்ணு. நம்ம ஊர்ல எல்லா அசையையும் சமமா ஓட்டிட்டுப் போறோம். அங்க அழுத்தம் மாறினா ஆளே மாறிடுவாங்க. 'ஆப்லோ'ன்னு முன்னாடி அழுத்தினா நான் பேசுறேன், 'அப்லோ'ன்னு கடைசில அழுத்தினா அவர் பேசினார். 'பாப்பா' உருளைக்கிழங்கு, கடைசில அழுத்தின 'பப்பா' அப்பா. விதி ரொம்ப சின்னது, வார்த்தை உயிர் எழுத்துலயோ ன், ஸ்-லயோ முடிஞ்சா கடைசிக்கு முந்தின அசைல அழுத்தம், வேற எதுல முடிஞ்சாலும் கடைசில, இதுக்கு மாறா வர்ற எடத்துலயெல்லாம் எழுத்து மேல ஒரு சாய்வு கோடு போட்டே குடுத்துடுவாங்க. அழுத்தத்த சத்தமா கத்திக் காட்ட வேண்டாம், அந்த அசைய நெடில் மாதிரி கொஞ்சம் நீட்டினாலே போதும், குறில் நெடில் நமக்குக் கை வந்த விஷயம்தானே.

இப்ப இலக்கணத்துக்கு வர்றேன், இதுலதான் தமிழ் உங்களுக்கு எவ்வளவு கொட்டிக் குடுத்திருக்குன்னு சொல்லணும்னு எனக்கு ஆசை. "எனக்கு காபி பிடிக்கும்", இத இங்கிலீஷ்ல சொல்றப்ப 'நான்'தான் எல்லாம் பண்ற மாதிரி திருப்பிப் போடணும். ஸ்பானிஷ்ல "மே கூஸ்தா எல் கஃபே". மே, எனக்கு. கூஸ்தா, பிடிக்குது. எல் கஃபே, காபி. நம்ம எனக்குதான் அங்க மே. "எனக்கு தலை வலிக்குது", "மே துவேலே லா கபேஸா", இங்க கூட கவனிங்க, நாம 'என்னோட தலை'ன்னு சொல்றதில்ல, எனக்குன்னு சொன்னதுலயே யார் தலைன்னு தெரிஞ்சிடுது, அவங்களும் 'என்'னுங்கிறத போடுறதில்ல. "எனக்குத் தோணுது" மே பரேஸே. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு, பிடிச்ச பொருள் ஒண்ணுக்கு மேல இருந்தா கூஸ்தா, 'கூஸ்தான்' ஆயிடும், "மே கூஸ்தான் லோஸ் தாக்கோஸ்".

நான் கூட ஆரம்பத்துல இங்கிலீஷ் புத்தகம் வச்சுத்தான் படிச்சேன். குவாதலஹாராவுல தங்கியிருந்தப்ப ஒரு நாள் காலைல வீட்டுக்கார அம்மா பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க, கண்ணாடி டம்ளர் ஒண்ணு சோப்பு நுரையோட நழுவி தரைல விழுந்து சிதறிச்சு. அவங்க என்னைத் திரும்பிப் பாத்து "ஸே மே கயோ"ன்னாங்க. புத்தகத்துல இதுக்கு 'நான் கீழ போட்டேன்'னு போட்டு அடில அஞ்சு வரி விளக்கம் இருக்கும், எனக்கு அது அதுவரைக்கும் மண்டைல ஏறினதே இல்ல. அன்னைக்கு துடைப்பத்த எடுக்கப் போறப்ப சட்டுன்னு விளங்கிச்சு, அவங்க சொன்னது 'கை தவறி விழுந்துடுச்சு'. நானா போடல, எனக்கு விழுந்துடுச்சு. அதே மாதிரி "ஸே மே ஒல்பிதோ", எனக்கு மறந்து போச்சு. நாம 'நான் மறந்தேன்'னு சொல்றத விட 'மறந்துபோச்சு'ன்னுதானே அதிகம் சொல்றோம்? அந்த ரெண்டு மொழிக்கும் ஒரு சொந்தமும் கிடையாது, இருந்தாலும் மனுஷன் தப்ப சொல்ற விதம் ஒண்ணா இருக்கு. அன்னைல இருந்து நான் நோட்ல இங்கிலீஷ் எழுதுறதையே விட்டுட்டேன்.

எல்லாரும் பயப்படுற ஒரு சமாச்சாரம் இருக்கு, ஸேர், எஸ்தார்-ன்னு ரெண்டு வினைச்சொல். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்தான், அதனால அவங்களுக்கு எது எங்கேன்னு தலைவலி. நீங்க தமிழ்ல சொல்லிப் பாருங்க. "நான் இன்ஜினியர்", இதுல வினையே இல்ல. வினை இல்லாம தமிழ் நிக்கிற எடத்துல ஸ்பானிஷ்ல ஸேர், "ஸோய் இன்ஹெனியேரோ". "நான் வீட்ல இருக்கேன்", 'இரு' வந்துடுச்சு, அப்ப எஸ்தார், "எஸ்தோய் என் காஸா". "களைப்பா இருக்கேன்" எஸ்தோய் கன்ஸாதோ. "மேனேஜர் ஆபீஸ்ல இருக்கார்"னா எஸ்தார், ஆனா "மீட்டிங் ஆபீஸ்ல"ன்னா ஸேர், பாருங்க, மீட்டிங் இருக்குதுன்னு நாம அங்க சொல்றதில்ல, அவங்களும் அந்த எடத்துல ஸேர்தான் போடுறாங்க. இது மெய்சிலிர்க்கிற அளவுக்குப் பொருந்தும், ஒரு எடம் தவிர. ஆளோட குணம், உருவம். "அவன் உயரமா இருக்கான்"னு நாம இரு போட்டுடுவோம், அங்க அது ஸேர், ஏன்னா உயரம் நாளைக்கு மாறப்போறதில்ல. அதனால 'இரு' வந்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கங்க, இது இப்போதைய நிலையா, ஆளோட அடையாளமா? அடையாளம்னா ஸேர்.

'நான்' 'நீ'ன்னு ஒவ்வொரு வாக்கியத்துலயும் போடாதீங்க. நீங்க கேள்வியோட தனியா எழுதி அனுப்பின ஸ்பானிஷ் வாக்கியத்துல ஆறு வரில ஆறு 'யோ', அதாவது 'நான்', இருந்துச்சு. "பேசுறேன்"னாலே நான்தான்னு தெரியுதில்ல, அங்கயும் ஆப்லோ-வுல கடைசி ஓ-தான் நம்ம 'ஏன்'. பேசுறோம் 'அப்லாமோஸ்', அந்த மோஸ்-தான் நம்ம 'ஓம்'. அதே மாதிரி நீ, நீங்க-வும் இருக்கு, 'தூ', 'உஸ்தெத்'. செக்யூரிட்டி, டாக்சி டிரைவர், வயசுல பெரியவங்க, ஆபீஸ்ல புதுசா பாக்கிறவங்க, எல்லாருக்கும் உஸ்தெத்ல ஆரம்பிங்க, "ஆப்லாமே தே தூ"ன்னு அவங்களே சொன்னா நீ-க்கு இறங்குங்க. யாருக்கு நீங்க போடணும்னு நமக்கு யாரும் கிளாஸ் எடுக்கத் தேவையில்ல. ஸ்பெயின்ல பன்மைக்கு வேற ஒரு நீங்க இருக்கு, அத நீங்க தொடவே வேண்டாம், மெக்சிகோல 'உஸ்தேதெஸ்' ஒண்ணுதான். இணையத்துல பாடம் தேடுறப்பவும் மெக்சிகோ ஆளுங்க பேசுறதா பாத்து எடுங்க, 20 நாட்டுல ஆட்சிமொழியா இருக்கிற மொழி, ஊருக்கு ஊர் மாறும், ஸ்பெயின்ல 'க்ராஸியாஸ்'ல நாக்கப் பல்லிடுக்குல வைப்பாங்க, அர்ஜென்டினாவுல 'யோ'வ 'ஷோ'ங்கிறாங்க, ஆரம்பத்துல ரெண்டு மூணு ஊர் காதுல கலந்தா குழப்பம்தான்.

காலத்துக்கு ரொம்ப அலைய வேண்டாம். "சாப்பிடப் போறேன்", 'போய் ஆ கொமேர்'. போறேன் போட்டா எதிர்காலம், நம்ம மாதிரியேதான், அந்த 'போய்' கூட காதுக்கு நம்ம 'போய்' மாதிரியே இருக்கும், ப மட்டும் 'பழம்'ல வர்ற ப இல்ல, 'பக்தி'ல வர்ற ப. "போகணும்" தெங்கோ கே இர். "வேணும்" கியேரோ. "முடியும்" புவேதோ. இந்த நாலு முன்னொட்டோட ஒரு 30 வினைச்சொல்ல அப்படியே மாத்தாம ஒட்டுனா மொத மூணு மாசம் ஓடிடும். இறந்தகாலம் நாலாவது மாசம் எடுங்க, அங்க 'செஞ்சேன்'க்கு ஒண்ணு, 'செஞ்சிட்டிருந்தேன், அப்பல்லாம் செய்வேன்'க்கு ஒண்ணுன்னு ரெண்டு இருக்கு, தமிழ்ல யோசிச்சா அதுவும் பிரிஞ்சு வந்துடும். எங்க தமிழ் கை குடுக்காதுன்னா ஆண்பால் பெண்பால்ல. நமக்கு மேசைக்கும் நாற்காலிக்கும் பால் கிடையாது, எல்லாம் அஃறிணை, அங்க எல்லாத்துக்கும் உண்டு. இதுக்குக் குறுக்கு வழி இல்ல, வார்த்தைய தனியா படிக்காம 'லா மேஸா', 'எல் லீப்ரோ'ன்னு ஒட்டியே ஒரே வார்த்தையா மனப்பாடம் பண்ணுங்க. ஆ-ல முடிஞ்சா பெரும்பாலும் பெண்பால், ஓ-ல முடிஞ்சா ஆண்பால், ஆனா கை 'லா மானோ', நாள் 'எல் தியா', பிரச்சினை 'எல் ப்ரோப்ளேமா'ன்னு விலக்கும் உண்டு. பேசுறப்ப பால் தப்பினா நிறுத்தித் திருத்தாதீங்க, ஓட்டிட்டுப் போங்க, அவங்களுக்குப் புரியும்.

மேஸான்னதும் உங்களுக்கு எதாவது தோணிச்சா? நம்ம மேசைதான். 16ம் நூற்றாண்டுல போர்ச்சுக்கீசியர் நம்ம கடற்கரைக்கு வந்தப்ப குடுத்துட்டுப் போனது, போர்ச்சுக்கீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி, அதனால நீங்க கொஞ்சம் வார்த்தைங்களோட பிறந்திருக்கீங்க. அலமாரி 'அர்மாரியோ', துவாலை 'தொஆயா', பொத்தான் 'பொத்தோன்', ரோந்து 'றோந்தா', கோப்பை 'கோப்பா'. இலங்கைத் தமிழர்ங்க ஷூவ சப்பாத்துன்னு சொல்றாங்கல்ல, அது 'ஸப்பாத்தோ', அவங்க சமையலறைக்குச் சொல்ற குசினி ஸ்பானிஷ்ல 'கொஸீனா'. இங்கிலீஷ் தெரிஞ்ச வரைக்கும் அதையும் உபயோகப்படுத்திக்கங்க, வார்த்தைக்கு மட்டும். இன்ஃபர்மேஷன் 'இன்ஃபொர்மஸியோன்', டிஃபெக்ட் 'தெஃபெக்தோ'. ஆனா எம்பராஸ் ஆயிட்டேன்னு சொல்ல நினைச்சு 'எம்பராஸாதோ'ன்னு விடாதீங்க, அது கர்ப்பத்துக்குச் சொல்ற வார்த்தை. அன்னைக்குக் கால்ல உங்களுக்கு வந்த கூச்சத்துக்கு மெக்சிகோல "மே தியோ பேனா"ன்னு சொல்லுவாங்க. நம்ம பேனா மாதிரியே ஒலிக்கும், மறக்காது.

தினம் எவ்வளவு நேரம்னு கேட்டா, 45 நிமிஷம் குடுங்க, அதுல 25 நிமிஷமாவது வாய் அசையணும். அமெரிக்க வெளியுறவுத்துறை தன்னோட அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தர கிட்டத்தட்ட 700 வகுப்பு மணி நேரம் ஆகும்னு கணக்கு வச்சிருக்கு, அது ஆபீஸ் வேலை முழுசா ஸ்பானிஷ்ல பாக்கிற அளவுக்கு. உங்க 8 மாசத்துல 45 நிமிஷம்னா சுமார் 180 மணி நேரம் வரும். அதுல கடை, வீடு, பஸ், பிளான்ட்ல அன்றாடப் பேச்சு இதெல்லாம் சமாளிக்கலாம், மீட்டிங்ல வாதம் பண்ற அளவுக்கு வராது, அது அங்க போய் ஒரு வருஷத்துல வரும். இத இப்பவே தெரிஞ்சுக்கிட்டா நடுவுல மனசு விட்டுப் போகாது. அந்த ஆப்ப தூக்கிப் போட வேண்டாம், பஸ்ல போறப்ப வச்சுக்கங்க. ஆனா நாலு விடைல ஒண்ண விரலால தொடுறது வேற, வாய்ல இருந்து ஒண்ணுமில்லாத எடத்துல இருந்து வாக்கியத்த எடுக்கிறது வேற, 94 நாளும் உங்களுக்கு மொதல்ல சொன்னதுதான் நடந்திருக்கு.

இதுக்குப் பதிலா ஒண்ணு பண்ணுங்க. மெக்சிகோக்காரர் ஒருத்தர் மெதுவா பேசுற ஆடியோ ஒரு நிமிஷம் மட்டும் எடுத்துக்கங்க, ஒரு வாரம் முழுக்க அதே ஒரு நிமிஷம்தான். மொத ரெண்டு நாள் கேக்க மட்டும். மூணாவது நாள் எழுதிப் பாருங்க, எழுத்து அவங்க எழுத்துலயே, பக்கத்துல பென்சில்ல தமிழ் எழுத்துல சத்தம், கீழ தமிழ்ல அர்த்தம். நாலாவது நாள்ல இருந்து அவரோட சேந்து, அவர் நிழல் மாதிரி அதே வேகத்துல பேசுங்க. ஏழாவது நாள் உங்க குரல போன்ல ரெக்கார்ட் பண்ணி, அவரோடத ஒரு தடவ உங்களோடத ஒரு தடவன்னு மாத்தி மாத்திக் கேளுங்க. பென்சில்ல எழுதின தமிழ ரெண்டு மாசம் கழிச்சு அழிச்சிடுங்க, அதுக்குள்ள அவங்க எழுத்தே பழகிடும். வார்த்தைங்களுக்கு ஒரு நாள், மூணு நாள், ஒரு வாரம்னு இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டுற அட்டை ஆப் ஏதாவது வச்சுக்கங்க, அங்கி (Anki)ன்னு ஒரு ஆப் இருக்கு, நல்லா வேல செய்யும், ஆனா தனி வார்த்தை போடாம சின்ன வாக்கியமா போடுங்க.

எக்ஸாம் உங்க கம்பெனி கேக்கலைன்னா இப்ப அவசரமில்ல. கேட்டா தெலே-ன்னு ஒண்ணு இருக்கு, ஸ்பெயின் அரசாங்க சர்டிபிகேட், இன்ஸ்திதூதோ செர்வான்தெஸ் நடத்துறாங்க, ஏ1ல இருந்து சி2 வரைக்கும் ஆறு படி, ஒரு தடவ பாஸ் பண்ணினா காலாவதி கிடையாது. டெல்லில அவங்க சென்டர் இருக்கு, பக்கத்துல எங்க எழுதலாம்ங்கிறத அவங்க தளத்துலயே பாத்துக்கலாம். எழுதுறதா இருந்தா ஏ2 வைங்க, உங்க 180 மணிக்கு அதுதான் நியாயமான குறி.

சாப்பாடு. "ஸின் கார்னே", கறி இல்லாமன்னு மட்டும் சொன்னீங்கன்னா கோழி போட்டுக் கொண்டு வந்து வைக்க வாய்ப்பு இருக்கு, பல எடத்துல கார்னேன்னா மாட்டுக்கறி, பன்னிக்கறி மட்டும்தான்னு அர்த்தம் எடுத்துக்குவாங்க. முழுசா சொல்லணும், "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ", கறி, கோழி, மீன் எதுவும் சாப்பிடமாட்டேன். பீன்ஸ் மசிச்சது எங்க போனாலும் கிடைக்கும், ஆனா பன்னிக் கொழுப்புல வதக்கியிருப்பாங்க நிறைய எடத்துல, அதனால "தியேனே மந்தேக்கா?"ன்னு கேட்டுட்டு வாங்குங்க, உண்மைல அது மன்த்தேக்கா, த்தே கெட்டி, பாருங்க எனக்கே எழுதுறப்ப தமிழ்க் கை முந்திக்குது. காரமான்னு கேக்க "பீக்கா?". அவங்க இல்லன்னாலும் நம்பாதீங்க. நீங்க போற ஊர்ப்பக்கம் சிவப்புத் தக்காளிக்கு 'ஹித்தொமாத்தே'ன்னு தனிப் பேரு, வெறும் தொமாத்தேன்னா பச்சையா தோல் மூடின வேற ஒரு காய். புளித் தண்ணி குடிக்கக் கிடைக்கும், 'ஆகுவா தே தமரீந்தோ', நம்ம பானகம் ஞாபகம் வரும். சாப்பிட்டுட்டிருக்கிறவங்கள கடந்து போறப்ப "ப்ரொவேச்சோ"ன்னு சொல்லிட்டுப் போங்க, தெரியாதவங்களுக்கும் சொல்லலாம், முகம் மலர்ந்துடும். யாராவது 'அஓரீத்தா'ன்னு சொன்னா வாட்ச் பாக்காதீங்க, அது நம்ம "இதோ வந்துட்டேன்", இப்பவும் இருக்கலாம், சாயங்காலமும் இருக்கலாம்.

அடுத்த வீடியோ கால்ல நீங்களே மொதல்ல பேச ஆரம்பிங்க. "புவேனோஸ் தியாஸ். ஸோய் இன்ஹெனியேரோ தே கலிதாத். எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ எஸ்பஞோல்", ஸ்பானிஷ் கத்துக்கிட்டிருக்கேன். புரியலைன்னா "மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபவோர்", கொஞ்சம் மெதுவா. யாராவது மாந்தேன்னா அதே வாக்கியத்த பாதி வேகத்துல திரும்பச் சொல்லுங்க, வேற வார்த்தை தேடாதீங்க. அவங்க சொன்னது உங்களுக்கு விழலைன்னா நீங்களே "மாந்தே?"ன்னு கேட்டுப் பாருங்க. 10 நாள் கழிச்சு குவான்த்தோவும் குவாந்தோவும் அஞ்சஞ்சு தடவ ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்புங்க தம்பி, எதுல அதிர்வு அறுபடல்லன்னு கேட்டுட்டுச் சொல்றேன்.